நடைவண்டி வேறு, வாக்கர் வேறு
வாசகர் கேள்விகளுக்குக் குழந்தைகள் நல இயன்முறை மருத்துவரின் பதில்கள்

கேள்வி: என் மகனுக்குப் பதினொரு மாதம் முடிந்துவிட்டது. உட்கார்ந்தபடியே நகர்கிறான், தவழவே இல்லை. குறித்த நாளுக்கு ஆறு வாரம் முன்பே பிறந்தவன். எதிர்வீட்டுக் குழந்தை இதே வயதில் சுவரைப் பிடித்து நடக்கிறது. கால் பலப்படட்டும் என்று மாமியார் வாக்கர் வாங்கி வந்திருக்கிறார். நான் சமைத்து முடிக்கும் வரை அதில்தான் இருக்கிறான். எனக்குப் பயமாக இருக்கிறது.
– வாசகி, திருப்பூர்

பதில்: சகோதரி, முதலில் வயதைச் சரியாக எண்ணுவோம். குறைமாதத்தில் பிறந்த பிள்ளையின் வளர்ச்சியை, அவன் பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்துதான் கணக்கிட வேண்டும். இரண்டு வயது வரை இதுதான் முறை. அப்படிப் பார்த்தால் உங்கள் மகனுக்கு இப்போது ஒன்பதரை மாதம்தான். எதிர்வீட்டுக் குழந்தையோடு ஒப்பிடுவதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட அட்டவணை ஒன்று என் அறைச் சுவரில் இருக்கிறது. இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாட்டுக் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து உருவாக்கியது. தில்லிக் குழந்தைகளும் அதில் உண்டு. நல்ல ஆரோக்கியமான பிள்ளைகள் பிடிமானம் இல்லாமல் நடக்கத் தொடங்கியது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை. எவ்வளவு பெரிய இடைவெளி பாருங்கள்! நூற்றுக்கு நான்கு பேர் முட்டி போட்டுத் தவழவே இல்லை, நேராக எழுந்து நடந்துவிட்டார்கள்.

ஆனால் அந்த வாக்கரை இன்றே எடுத்து வைத்துவிடுங்கள். உங்கள் மாமியார் மனதில் இருப்பது அவர் காலத்து மூன்று சக்கர மர நடைவண்டியாக இருக்கலாம். அதில் குழந்தை தானே எழுந்து நின்று, உள்ளங்கால் முழுவதும் ஊன்றி, தன் எடையைத் தானே தாங்கித் தள்ள வேண்டும். வாக்கரில் இருக்கை எடையைத் தாங்கிக்கொள்கிறது. நுனிக்காலால் ஓர் உந்து உந்தினால் ஓடிவிடுகிறது. இடுப்புக்கும் முதுகுக்கும் அங்கே வேலையே இல்லை. படியிலும் அடுப்படியிலும் அது உண்டாக்கும் விபத்துகள் வேறு. கனடா 2004-லேயே வாக்கர் விற்பனையைத் தடை செய்துவிட்டது. இதை மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். பேரன் மேல் உள்ள பாசத்தில்தான் வாங்கி வந்திருக்கிறார்.

சமைக்கும்போது அடுப்புக்கு எட்டாத இடத்தில், உங்கள் முகம் தெரிகிற மாதிரி ஒரு பாயை விரித்து அதில் விடுங்கள். டைல்ஸ் தரையில் காலுறை வழுக்கும். நீளக் கால்சட்டையும் வேண்டாம். வெறும் முட்டிதான் தரையைப் பற்றும். ஓர் எவர்சில்வர் டம்ளரை அவனுக்கு நேர் எதிரே வைக்காமல், பக்கவாட்டில், கைக்குச் சற்றே எட்டாத தூரத்தில் வையுங்கள். கையை நீட்டுவான். எட்டாது. இடுப்பு மெல்லத் திரும்பும். ஓர் உள்ளங்கை தரையில் பதியும், அந்தத் தோளில் எடை ஏறும், ஒரு கால் மடங்கியபடியே இருக்க மறு கால் பின்னால் நீளும். பிள்ளைத்தமிழ் பாடியவர்கள் செங்கீரைப் பருவம் என்று சொன்னது கிட்டத்தட்ட இந்தக் கோலத்தைத்தான். அந்த நேரத்தில் மனம் இளகி டம்ளரை எடுத்துக் கையில் கொடுத்துவிடாதீர்கள். பத்து விநாடி பொறுங்கள்.

விழுவானே என்ற கவலை வேண்டாம். நடை பழகும் குழந்தைகள் விளையாடும்போது ஒரு மணி நேரத்தில் சராசரியாக 2,368 எட்டு வைத்து, 17 முறை விழுவதாக நியூயார்க்கில் எண்ணிப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள்.

அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது ரத்தசோகை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இரும்புச்சத்து குறைந்த குழந்தை சோர்ந்து ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும். குறைமாதக் குழந்தைகளுக்கு அந்தக் குறை எளிதில் வரும். கை கால் விறைப்பாகவோ துவண்டோ இருந்தாலும், நேற்று வரை செய்ததை இன்று செய்யாமல் விட்டாலும் தடுப்பூசி நாள் வரை காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: என் பேத்திக்கு எட்டு மாதம். எதை நீட்டினாலும் இடது கையால்தான் வாங்குகிறாள். வலது கைக்கு இப்போதே மாற்றிப் பழக்கலாமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: பழக்க வேண்டாம் ஐயா. ஒரு வயதுக்குள் எந்தக் கைப் பழக்கமும் நிலைப்பதில்லை. இரண்டு கையும் மாறி மாறி வர வேண்டும். அதனால் நான் கவலைப்படுவது இடது கையைப் பற்றி அல்ல, வலது கையைப் பற்றி. அவள் தூங்காத நேரத்தில் அந்த விரல்களைக் கவனியுங்கள். தானாக விரிகின்றனவா, கட்டைவிரல் உள்ளே மடங்கிய முஷ்டியாகவே இருக்கிறதா? வலது காலையும் இடது கால் அளவுக்கு உதைக்கிறாளா? எப்படி இருந்தாலும் இந்த வாரமே ஒரு குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். வலது கையின் பலவீனம்தான் இதற்குக் காரணம் என்றால், இந்த வயதில் தொடங்கும் பயிற்சிக்குப் பலன் அதிகம். மருத்துவர் என்ன சொன்னார் என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.