பாலியில் வீடு, ஆனால் வெளியே போகவே மனமில்லை

மதிப்புக்குரிய மேடம்,

எனக்கு 38 வயது. சொந்த ஊர் பாளையங்கோட்டை. அங்கே ஒரு கல்லூரியில் வணிகவியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். என் கணவர் ஷெஃப். கொரோனாவுக்குப் பிறகு பாலித் தீவு மறுபடி திறந்த 2022-இல் அவருக்கு இங்கே ஒரு ஹோட்டலில் வேலை கிடைத்தது. இந்தியாவிலிருந்து இங்கே வந்து கல்யாணம் நடத்துகிறவர்கள் நிறைய பேர் இருப்பதால், நம் சமையல் தெரிந்தவர்களுக்கு நல்ல தேவை. மகளுக்கு 10 வயது, மகனுக்கு 6. தீவின் தென்மேற்குக் கடற்கரையில் சாங்கூ என்ற பகுதியில் இருக்கிறோம்.

வந்த புதிதில் ஜன்னலைத் திறந்தால் வயல்தான். அறுப்பு முடிந்ததும் வாத்துக் கூட்டத்தை இறக்கிவிடுவார்கள். எங்கள் தாமிரபரணிப் பக்கம் மாதிரியே இருக்கிறதே என்று அம்மாவுக்கு வீடியோ எடுத்து அனுப்பினேன். இப்போது அந்த வயல் இல்லை. எதிரே வரிசையாக வில்லாக்கள், பக்கத்தில் ஒரு கஃபே, பின்னால் இன்னொரு கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கிறது. டைல்ஸ் அறுக்கும் மெஷின் எப்போது தொடங்கும், எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது. ராத்திரியில் கடற்கரை கிளப்பிலிருந்து வரும் டமடமச் சத்தம் நெஞ்சிலேயே அடிக்கிறது.

பிள்ளைகளின் பள்ளி 7 கிலோமீட்டர் தூரம்தான். போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகிறது. வயலுக்கு நடுவே இரண்டு கார் ஒதுங்க முடியாத பாதைகளில் இவ்வளவு பெரிய கூட்டம் ஓடுகிறது. நடைபாதை என்று இருக்கும் இடத்திலும் சாக்கடை மூடி உடைந்து கிடக்கும், இல்லையென்றால் ஸ்கூட்டர் ஏறி வரும். ஊரில் நான் ஸ்கூட்டி ஓட்டியவள். இங்கே பயமாக இருக்கிறது. கடல் பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனால் நடந்து போக முடியாது.

போர் தண்ணீர் சில நாள் கலங்கி வருகிறது, குடிக்க எப்போதும் கேன்தான். குப்பை எடுக்கிறவர்கள் வராவிட்டால் அக்கம்பக்கத்தில் கொளுத்திவிடுகிறார்கள். டிசம்பர் முதல் மார்ச் வரை மேற்குக் காற்றில் கடல் கொண்டுவந்து தள்ளும் பிளாஸ்டிக்கைப் பார்த்தால் பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்க மனம் வராது. 2025 மே 2 அன்று தீவு முழுக்கக் கரண்ட் போனது. அதே வருடம் செப்டம்பரில் வந்த வெள்ளத்தில் 10 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அதிலிருந்து மழைச் சத்தம் கேட்டாலே எனக்குக் கை நடுங்குகிறது.

இதை யாரிடம் சொல்வது? தங்கையிடம் சொன்னால், "பாலியில் உட்கார்ந்துகொண்டு அழுகிறாயே, நாங்கள் இங்கே வெயிலில் வேகிறோம்" என்கிறாள். தேனிலவுக்கு வரும் சொந்தக்காரர்களை நான்தான் ஊர் சுற்றிக் காட்டுகிறேன். அவர்கள் போட்டோ எடுக்கும்போது சிரிக்கிறேன், வீட்டுக்கு வந்ததும் எரிச்சலாக வருகிறது. அவர் மதியம் போனால் நள்ளிரவுக்குத்தான் வருவார். "எல்லாரும் ஆசைப்படுகிற இடம், உனக்கு மட்டும் என்ன குறை?" என்று கேட்கிறார். அவர் கெட்டவர் இல்லை மேடம், அசந்துபோய்க் கேட்கிறார். எனக்கிருப்பது அவரைச் சார்ந்த விசா, வேலைக்குப் போக முடியாது. அம்மாவின் போன் வந்தால் எடுக்கப் பிடிக்கவில்லை, எடுத்தால் நன்றாக இருக்கிறேன் என்று நடிக்க வேண்டும்.

இரண்டு மாதமாக விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. அப்புறம் தூக்கமே இல்லை. பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறேன். பாடுவதை விட்டுவிட்டேன்.

இன்னொன்றும் உறுத்துகிறது. எங்கள் வீட்டுக்காரம்மாவை எல்லோரும் இபு என்று கூப்பிடுகிறோம். எதிர் வயலை அவர்கள் குடும்பம்தான் 25 வருடக் குத்தகைக்கு விட்டது. தினமும் காலையில் வாசலில் பூத்தட்டு வைத்துக் கும்பிட்டுவிட்டு, எங்களுக்குப் பழம் கொடுத்துவிட்டுப் போவார். அவர்கள் ஊரை நெருக்கும் கூட்டத்தில் நாங்களும் இருக்கிறோம். இதில் புலம்ப எனக்கு என்ன உரிமை?

சமீபத்தில் மனம் அடங்கியது இரண்டே சந்தர்ப்பங்களில். ஒன்று, நியெப்பி. அது பாலி இந்துக்களுடைய வருடப் பிறப்பு, சக ஆண்டுக் கணக்குப்படி வருவது. அன்று தீவே அடங்கிவிடும், விமான நிலையத்தையும் மூடிவிடுவார்கள், வெளிநாட்டவர் உட்பட யாரும் வெளியே வரக்கூடாது, விளக்குப் போடக்கூடாது. மற்றொன்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை கிழக்குக் கரையில் சானூர் போனது. அங்கே கடலோரமாகவே நீளமான நடைபாதை இருக்கிறது. பிள்ளைகள் சைக்கிள் ஓட்டினார்கள், நான் நடந்தேன். அன்று ராத்திரி தூங்கினேன்.

வாடகை முன்பணமாகவே கட்டியிருக்கிறோம், அடுத்த வருடம் வரை கணக்கு இருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு வந்துவிடலாமா? இல்லை, என் மனதில்தான் கோளாறா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பாலி

*

அன்புள்ள தோழிக்கு,

முதலில் உங்கள் தூக்கத்தைப் பற்றிப் பேசிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். இரண்டு மாதமாக விடியலுக்கு முன்பே விழிப்பு, எரிச்சல், பிடித்த பாட்டில் நாட்டமின்மை, நெருங்கியவர்களின் போனைத் தவிர்ப்பது. இவை சேர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலே மனச்சோர்வு நோயாக இருக்குமா என்று பார்த்துவிட வேண்டும். பாலியின் தலைநகர் டென்பசாரில் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள், அல்லது தமிழிலேயே பேச விரும்பினால் ஊரில் உள்ள ஒருவரிடம் வீடியோவில் பேசுங்கள். தைராய்டு, ரத்தசோகை இரண்டையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள், அவையும் இப்படி வாட்டக்கூடியவை. வாழ்ந்து என்ன என்ற எண்ணம் எப்போதாவது எட்டிப் பார்த்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாமல் அன்றே கணவரிடமும் மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள். நீங்கள் அப்படி எதுவும் எழுதவில்லை. இருந்தாலும் கேட்காமல் விடுவது என் வேலைக்குச் சரியில்லை.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். உங்கள் மனதில் கோளாறு என்று நான் நினைக்கவில்லை. இடம் மாறிய அதிர்ச்சி என்றும் நினைக்கவில்லை. புது நாட்டுக்குப் போகிறவர்களுக்கு ஆரம்பத்தில் வரும் திகைப்பு, பழகப் பழகப் பெரும்பாலும் குறையும். உங்களுக்கு நேர்மாறாக நடந்திருக்கிறது. வந்தபோது நன்றாக இருந்தீர்கள், வயல் போகப்போக வேதனை கூடியது. ஆஸ்திரேலியாவின் ஹண்டர் பள்ளத்தாக்கில் திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கங்கள் பெருகியபோது, அங்கே வாழ்ந்த மக்களைக் கவனித்த கிளென் ஆல்பிரெக்ட் என்ற அறிஞர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். அவர்கள் வீட்டை விட்டு எங்கேயும் போகவில்லை. ஆனால் சுற்றியிருந்த நிலம் கண்ணெதிரே மாறிப்போனதில், சொந்த வீட்டில் இருந்துகொண்டே வீட்டுக்காக ஏங்கினார்கள். நீங்கள் அந்த ஊரில் பிறக்கவில்லை என்பதால் அந்த ஏக்கம் உங்களுக்கு வரக்கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை. தாமிரபரணியை நினைவூட்டிய வயல் அது, போனதற்கு நீங்கள் வருந்தத்தான் வேண்டும்.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்டது அந்த இரண்டு நல்ல சந்தர்ப்பங்கள்தான். நியெப்பி அன்று நீங்கள் வாசலைக்கூடத் தாண்டவில்லை. சானூரில் மணிக்கணக்கில் நடந்தீர்கள். ஒன்றில் முழு அடைப்பு, மற்றொன்றில் முழு விடுதலை. இரண்டிலும் மனம் அடங்கியிருக்கிறது என்றால், வீட்டுக்குள் அடைந்து கிடப்பது மட்டும் உங்கள் பிரச்சினை இல்லை. அந்த இரண்டு நாட்களிலும் அடுத்து என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தது. மெஷின் தொடங்குமா, சாலை அடைக்குமா, தண்ணீர் வருமா என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

இது பழைய ஆராய்ச்சி ஒன்றோடு ஒத்துப்போகிறது. டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1972-இல் நகர்ப்புற நெருக்கடி பற்றி ஒரு நூல் வெளியிட்டார்கள். அவர்களுடைய சோதனைகளில் ஆட்களை உட்காரவைத்துக் கடும் சத்தத்தைக் கேட்க வைத்தார்கள். சத்தம் இருக்கும்போது எல்லோரும் ஓரளவு சமாளித்துவிட்டார்கள். சத்தம் நின்ற பிறகுதான் வித்தியாசம் தெரிந்தது. எப்போது வரும் என்று தெரியாத சத்தத்தைக் கேட்டவர்கள், பிறகு கொடுத்த புதிர்களைச் சீக்கிரமே கைவிட்டார்கள், பிழை திருத்துவதிலும் அதிகம் தவறவிட்டார்கள். இன்னொரு பிரிவினரிடம் ஒரு பொத்தானைக் காட்டி, தாங்க முடியாவிட்டால் இதை அழுத்தலாம், சத்தம் நின்றுவிடும் என்று சொல்லியிருந்தார்கள். பெரும்பாலோர் அதைத் தொடவே இல்லை. ஆனாலும் அவர்களுக்குப் பாதிப்பு மிகவும் குறைவாக இருந்தது. நிறுத்த முடியும் என்ற நினைப்பே பாதி மருந்தாக இருந்திருக்கிறது.

உங்கள் கையில் அப்படி ஒரு பொத்தானும் இல்லை. வேலை இல்லை, வண்டி இல்லை, நடக்கப் பாதை இல்லை, வீடு மாற்றவும் வாடகைக் கணக்கு விடாது. பிள்ளைகள் மேல் எரிந்து விழுவது, சத்தம் நின்ற பிறகு வரும் களைப்புதான். அது உங்கள் குணம் இல்லை, நன்றி கெட்டதனமும் இல்லை.

ஆகவே நான் சொல்வதெல்லாம் சிறு சிறு பொத்தான்களைத் தேடுவது பற்றித்தான். கட்டட மேஸ்திரியிடம் பேசும்படி இபுவிடம் கேளுங்கள். வேலையை நிறுத்தக் கேட்க வேண்டாம், அறுக்கும் வேலை எந்த நேரங்களில் என்று முன்கூட்டியே சொல்ல மட்டும் கேளுங்கள். அந்த ஊர்களில் பஞ்சார் என்ற ஊர்க்கூட்டத்தின் சொல்லுக்கு மரியாதை உண்டு, உள்ளூர்க்காரர் வழியாகப் போனால் காரியம் எளிது. வாரத்தில் ஒரு நாளைச் சானூருக்கு என்று ஒதுக்குங்கள். தோன்றும்போது போகலாம் என்று விட்டால் அது நடக்காது, நாள் குறித்துவிடுங்கள். பிள்ளைகளுக்காக என்று கணக்கு எழுத வேண்டாம், அது உங்கள் மருந்து. அப்புறம், இணையம் வழியாக ஒரு படிப்பைத் தொடங்க முடியுமா என்று பாருங்கள். வீட்டிலிருந்தே ஊதியத்துக்குப் பாடம் எடுப்பதாக இருந்தால் உங்கள் விசா அதை அனுமதிக்கிறதா என்று விவரம் தெரிந்தவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். வகுப்பில் நாற்பது பேர் முன்னால் நின்று பேசிய குரல் உங்களுடையது. அது வருடக்கணக்கில் சமையலறைக்குள் நின்றுபோயிருப்பதும் இந்த வேதனையில் ஒரு பங்கு என்று எனக்குப் படுகிறது. இதைப் பற்றி நீங்கள் ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள்.

விருந்தினர்களுக்கு முடியாது என்று சொல்லப் பழகுங்கள். சுமார் 43 லட்சம் பேர் வாழும் அந்தத் தீவுக்கு 2024-இல் 63 லட்சத்துக்கு மேல் வெளிநாட்டுப் பயணிகள் வந்தார்கள். ஆஸ்திரேலியர்களுக்கு அடுத்து அதிகம் வந்தவர்கள் நம் நாட்டவர். அதில் உங்கள் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் நீங்கள் வழிகாட்டியாக இருக்க முடியாது. ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு அழையுங்கள். ஊர் சுற்ற அவர்களே வண்டி வைத்துக்கொள்ளட்டும்.

உங்கள் குற்ற உணர்ச்சியை லேசாகத் தள்ளிவிட மாட்டேன். நீங்கள் கவனித்தது உண்மை. ஆயிரம் வருடம் பழமையான அந்த ஊர்களின் நீர்ப்பங்கீட்டு முறையை யுனெஸ்கோ 2012-இல் உலகப் பாரம்பரியமாக ஏற்றுக்கொண்டது. அதே தீவில்தான் வயல்கள் வில்லாக்களாகின்றன. டென்பசார் பக்கத்தில் சுவுங் குப்பைக் கிடங்கு 2023 அக்டோபரில் நாள்கணக்கில் எரிந்தது. ஆனால் வயலைக் குத்தகைக்கு விட்டதும், அனுமதி கொடுத்ததும், கட்டியதும் நீங்கள் இல்லை. உங்கள் பங்கு எவ்வளவோ அந்த அளவுக்குப் பொறுப்பெடுங்கள். குப்பையைப் பிரித்துக் கொடுப்பது, தண்ணீரைப் பார்த்துச் செலவழிப்பது, இபுவின் மொழியில் நாலு வார்த்தை பேசக் கற்றுக்கொள்வது. அந்த வயலைப் பற்றி அவரிடமே கேட்டுப் பாருங்கள். அவருக்கும் அதில் சொல்ல எவ்வளவோ இருக்கும், கேட்கத்தான் ஆள் இல்லாமல் இருக்கலாம். பழத்தோடு நின்றுவிட்ட அந்த உறவு இன்னும் கொஞ்சம் உள்ளே வரட்டும்.

மழைக்குக் கை நடுங்குவதை மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள். வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இது வருவது உண்டு, சிகிச்சையும் உண்டு. வீட்டைச் சுற்றித் தண்ணீர் எங்கே நிற்கும், எந்தப் பக்கம் மேடு, பள்ளியில் இருக்கும்போது மழை பிடித்தால் பிள்ளைகளை யார் வைத்துக்கொள்வது என்று கணவரோடு உட்கார்ந்து எழுதி வைத்துவிடுங்கள். திட்டம் இருந்தால் பயம் ஒரு படி இறங்கும்.

கணவரிடம் பேசும்போது பாலி நல்ல ஊரா கெட்ட ஊரா என்ற வாதத்துக்குள் போகாதீர்கள். அதில் அவர் தன் உழைப்பைக் காப்பாற்றப் பேசுவார், நீங்கள் உங்கள் வலியைக் காப்பாற்றப் பேசுவீர்கள். அவருடைய விடுமுறை நாளில், அவர் தூங்கி எழுந்த பிறகு, "எனக்கு இரண்டு மாதமாகத் தூக்கம் இல்லை, டாக்டரைப் பார்க்க வேண்டும், கூட வாருங்கள்" என்று தொடங்குங்கள். அதை அவரால் மறுக்க முடியாது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் மறுக்கிற மனிதராகவும் தெரியவில்லை.

அம்மாவிடமும் நடிக்க வேண்டாம். முழுக் கதையையும் ஒரே நாளில் கொட்டவும் வேண்டாம். "அம்மா, எதிர் வயலை மூடிவிட்டார்கள், எனக்கு மனசே சரியில்லை" என்று சொல்லுங்கள். வயலைப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரருக்கு அது விளக்கம் இல்லாமலே புரியும்.

ஊருக்குத் திரும்பும் முடிவை இந்தத் தூக்கமில்லாத நாட்களில் எடுக்காதீர்கள். பிள்ளைகளோடு நீங்கள் மட்டும் வந்துவிட்டால் சத்தம் தீரும், குடும்பம் இரண்டாகும். அதையும் கணக்கில் வைக்க வேண்டும். மருத்துவர் சொல்வதைக் கேட்டு, தூக்கம் திரும்பிய பிறகு, வாடகைக் காலம் முடிவதற்கு ஆறு மாதம் முன்பாகவே மூன்று வழிகளையும் இருவரும் சேர்ந்து பாருங்கள்: அங்கேயே இருப்பது, சானூர் பக்கம் மாறி அவர் பயண நேரத்தைக் கூட்டிக்கொள்வது, எல்லோருமாக ஊர் திரும்புவது. சானூருக்கு மாறினால் பள்ளியும் மாறும் என்பதால் மகளிடமும் கேளுங்கள், பத்து வயதில் அவளுக்குக் கருத்து இருக்கும். வீட்டுக்காரம்மா அடுத்த தவணை பற்றிக் கேட்கும் முன்பே இந்தப் பேச்சு முடிந்திருந்தால் நல்லது. மருத்துவரைப் பார்த்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.