எலியைப் படித்தால் சோறு போடுமா?

மகளை மோல் எலியின் மரபணு ஆய்வுப் படிப்பில் சேர்க்கலாமா என்று யோசித்து இப்படித்தான் கேட்டிருக்கிறீர்கள், அம்மா. எலி போடாது. ஆனால் அதன் மரபணுத்தொகையை, அதாவது செல்லுக்குள் இருக்கும் முழு டிஎன்ஏ வரிசையை, துண்டு துண்டாக வாசித்துக் கோக்கத் தெரிந்தவருக்கு வேலை உண்டு.

உங்கள் மகள் ஆசைப்படும் நேக்கட் மோல் ராட் (முடியில்லாத மோல் எலி), கிழக்கு ஆப்பிரிக்காவில் மண்ணுக்குள் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்வது. உள்ளங்கையில் அடங்கும் பிராணி, 30 வருடங்களுக்கு மேல் வாழ்கிறது. புற்றுநோய் மிக அரிது. அதன் மரபணுத்தொகை 2011-இல் வெளியானது. சுமார் 260 கோடி எழுத்துகள் (டிஎன்ஏவின் A, C, G, T). அதை எந்த மெஷினும் ஒரே மூச்சில் வாசித்துவிடவில்லை. அன்று கிடைத்தவை நூறு எழுத்து அளவிலான துணுக்குகள். இன்று 15,000 எழுத்துகளைக்கூடத் தொடர்ச்சியாக, துல்லியமாக வாசிக்கலாம்.

நீளத்தில் என்ன இருக்கிறது? ஒரு பாட்டைக் கிழித்துப் போட்டு ஒட்டச் சொன்னால் பல்லவியில்தான் மாட்டிக்கொள்வோம். ஒவ்வொரு சரணத்துக்கும் பிறகு அதே வரி வருகிறதே! முன் சரணத்தின் வாலும் பல்லவியும் அடுத்த சரணத்தின் தலையும் ஒரே துண்டில் இருந்தால்தான் இடம் தெரியும். மரபணுத்தொகையிலும் இப்படித் திரும்பத் திரும்ப வரும் பகுதிகள் ஏராளம்.

வரிசை தெரிவதால் என்ன லாபம் என்பதற்கு ஐபீரிய மோல் நல்ல சாட்சி. பெயரில்தான் ஒற்றுமை; இது எலியல்ல, ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கம் மண்ணுக்குள் வாழும் வேறொரு பிராணி. அதன் பெண் விலங்குகளுக்குச் சூலகத்தோடு விந்தகத் திசுவும் உண்டு. ஆண் ஹார்மோனும் சுரக்கும். 2020-இல் அதன் மரபணுத்தொகையைக் கோத்துப் பார்த்தபோது, சில பகுதிகள் தலைகீழாகத் திரும்பியும் சில பெருகியும் இருந்தது தெரிந்தது. இந்த விசித்திரத்துக்கு அந்த மாற்றங்களோடு தொடர்பு இருப்பதும் அப்படித்தான் புரிந்தது.

சரி, வேலைக்கு வருவோம். மோல் எலிக்கென்றே நிரந்தரப் பதவிகள் மிகக் குறைவு; முனைவர் பட்டம்வரை பொறுமை வேண்டும். ஆனால் இதே கைவேலை பயிர் ஆராய்ச்சிக்கும் புற்றுநோய் ஆய்வுக்கும் கிருமிக் கண்காணிப்புக்கும் தேவை. இன்னொன்று, பிராணியைக் கண்ணால் பார்க்காமலேயே வருடங்கள் ஓடலாம். பெரும்பாலும் லினக்ஸ் இயங்குதளம், பைத்தான் நிரல்மொழி, கட்டளை தட்டும் கறுப்புத் திரை.

அதனால் பணம் கட்டும் முன் ஒரு சோதனை. ஈ. கோலை பாக்டீரியாவின் மரபணுத்தொகை சுமார் 46 லட்சம் எழுத்துகள்தான். அதன் துணுக்குத் தரவு இணையத்தில் இலவசம், கோக்கும் ஸ்பேட்ஸ் மென்பொருளும் இலவசம், சாதாரண லேப்டாப்பே போதும். அந்த மரபணுத்தொகை வட்ட வடிவம்; துணுக்குகள் குட்டையாக இருந்தால் ஒரே வட்டமாகச் சேராது. பல துண்டுகளாகத்தான் நிற்கும். அப்போது மகளின் முகத்தைப் பாருங்கள். ஏன் ஒட்டவில்லை என்று ராத்திரி பதினொரு மணிக்கும் கிளறிக்கொண்டிருந்தால் தாராளமாகச் சேர்த்துவிடுங்கள். எலி மட்டும்தான் பிடிக்கிறது, திரை பிடிக்கவில்லை என்றால் களப்பணி உள்ள விலங்கியல் படிப்பைப் பார்ப்போம்.