அண்ணன் கையில் பத்திரம் இருந்தால் அம்மாவோடு கதைக்கத் தடை போடலாமா?

லண்டனில் இருக்கும் அம்மாவுக்கு மறதி நோய், கூட இருக்கும் அண்ணன் அற்றோணித் தத்துவம் (அம்மாவுக்குப் பதிலாக முடிவெடுக்க அதிகாரம் தரும் பத்திரம்) தன்னிடம் இருக்கிறது என்று சொல்லி உங்களோடு கதைக்க விடுவதில்லை, இது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் சட்டத்தரணி இல்லை. மட்டக்களப்புக் கல்லடியில் இருந்துகொண்டு, இங்கிலாந்தில் மகனோடு இருக்கும் பெரியம்மாவுக்காக இதே தலையிடியோடு ஒரு வருஷம் போனும் கையுமாகக் கிடந்தவன்.

முதலில் அந்தப் பத்திரம் எது என்று கேளுங்கள். அங்கே அது இரண்டு வகை: காசு, சொத்துக்கு ஒன்று, உடல்நலம், அன்றாட வாழ்க்கைக்கு மற்றது. காசுப் பத்திரம் மட்டும் வைத்திருப்பவர் அம்மா யாரோடு கதைப்பது என்பதில் தலையிட முடியாது. மற்றது இருந்தாலும், அந்த விஷயத்தை அம்மாவால் தானாக முடிவெடுக்க முடியாத நிலையில்தான் அது செல்லும். அப்போதும் அம்மாவின் நன்மைதான் கணக்கு, அண்ணனின் கோபம் அல்ல.

எங்கள் வீட்டில் கோபம்தான் காரணம். பெரியம்மாவுக்குப் பெண்பிள்ளை இல்லை. எங்கள் பக்கம் வீடு பெண்வழிதானே, கல்லடி வீட்டை என் அக்காவுக்குச் சீதனமாக எழுதிவிட்டார். மகனுக்குப் பொறுக்கவில்லை. பெரியம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து மறதியும் சேர்ந்தபிறகு போனை வாங்கி வைத்துக்கொண்டார். “அம்மாக்கு மூளை சரியில்ல, கதைக்க ஏலாது.” எப்போது எடுத்தாலும் இதே பதில்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உள்ள 2005ஆம் ஆண்டு மனத்திறன் சட்டம் அந்தப் பேச்சை ஏற்பதில்லை. நம் ஊரில் சித்தசுவாதீனம் உண்டா இல்லையா என்று ஆளை மொத்தமாக எடைபோடுவார்கள். அங்கே ஒவ்வொரு முடிவுக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். வங்கிக் கணக்கு பிடிபடாதவருக்கு, தங்கச்சியோடு கதைக்க வேணுமா என்பது பிடிபடலாம். விஷயம் விளங்க வேணும், கொஞ்ச நேரமாவது மனதில் நிற்க வேணும், நல்லது கெட்டதைத் தூக்கிப் பார்க்க வேணும், எப்படியாவது சொல்ல வேணும். அவ்வளவுதான். முடிவு புத்தியில்லாததாகத் தெரிகிறது என்பதற்காகத் திறன் இல்லை என்று சொல்லக்கூடாது.

என் அம்மா, பெரியம்மாவின் தங்கச்சி, அங்கத்தைய கவுன்சிலுக்கு முறையிட்டார். சோஷல் வேர்க்கர் வந்து, பெரியம்மாவின் மகனை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, மொழிபெயர்ப்பாளரை வைத்துக் கேட்டார். பெரியம்மா சொன்னது: “தங்கச்சியோட கதைக்கணும். மறுகா இவன் ஏசுவான். ஏசட்டும்.” மொழிபெயர்ப்பாளர் சென்னைக்காரர். ‘மறுகா’ அவருக்குப் புரியவில்லை, பேச்சு தொடர்பில்லாமல் இருக்கிறது என்று சொல்லிவிட்டார்! அது ‘பிறகு’ என்று சொல்லிக்கொடுக்க அம்மா இங்கிருந்து போனில் மல்லுக்கட்டினார். விளங்கிக்கொள்ள முடிந்த உதவி எல்லாம் செய்துபார்க்காமல் ஒருவருக்குத் திறன் இல்லை என்று முடிவுகட்டக்கூடாது என்பதும் அதே சட்டம்தான். மறுகா கிழக்குப் பக்கத்து ஆள் ஒருவரை வைத்துக் கேட்டார்கள். மகன் ஏசுவான் என்று தெரிந்தே கேட்கிறார் என்பது அப்போதுதான் பதிவானது.

நீங்களும் அம்மா இருக்கும் இடத்துக் கவுன்சிலின் வயதுவந்தோர் சமூகப் பராமரிப்புப் பிரிவுக்கு (Adult Social Care) எழுதுங்கள், இங்கிருந்தே எழுதலாம். அம்மாவின் பேச்சு எந்த ஊர்ப் பேச்சு என்பதையும் எழுதுங்கள். சரிவராவிட்டால் இந்த வழக்குகளுக்கென்றே இருக்கும் பாதுகாப்பு நீதிமன்றம் (Court of Protection) தீர்மானிக்கும். பெயர் குறிப்பிட்டு ஒருவரின் தொடர்பைத் தடை செய்யும் அதிகாரத்தை, அந்த நீதிமன்றம் நியமிக்கும் பொறுப்பாளருக்குக்கூடக் (deputy) கொடுக்க முடியாது.

ஒன்றுக்கு மட்டும் தயாராக இருங்கள். கேட்டால் அம்மா உங்களையே வேணாம் என்றும் சொல்லலாம். பெரியம்மா இப்போது ஞாயிறுதோறும் என் அம்மாவோடு கதைக்கிறார். அக்காவோடு மட்டும் இல்லை. “அவள் வீட்டுக் கதைதான் எடுப்பாள், வேணாம்” என்கிறார். வீட்டை எழுதிக்கொடுத்ததே அவர்தான். அக்காவுக்கு இன்னும் ஆறவில்லை.