ஹாலோவீனும் நம் பிள்ளைகளும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாங்கள் நியூ ஜெர்சியில் இருக்கிறோம். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஐந்து. அக்டோபர் வந்தாலே வீட்டில் வாக்குவாதம். “பிசாசுக்குக் கொண்டாட்டம், பிள்ளைகளை அனுப்பாதே” என்கிறார் மாமியார். “மிட்டாய் வாங்குவதில் என்ன பாவம்?” என்கிறார் கணவர். எங்கள் தமிழ்ச் சபையிலும் ஆளுக்கொரு கருத்து. இந்த வருடம் பள்ளியில் மாறுவேட ஊர்வலம் வேறு. மகன் எலும்புக்கூடு உடை கேட்டு அடம்பிடிக்கிறான். ஒரு கிறிஸ்தவக் குடும்பம் இதை எப்படி முடிவு செய்வது?

– ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

“ஹாலோவீன் கொண்டாடலாமா, கூடாதா” என்று ஒரே கேள்வியாக வைத்துக்கொண்டால் இந்த வாக்குவாதம் ஓயாது. அக்டோபர் 31 என்ற அந்த ஒரு மாலைக்குள் ஐந்து காரியங்கள் இருக்கின்றன: வேடம் போடுவது, வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்குவது, நம் வாசலுக்கு வரும் பிள்ளைகளுக்குக் கொடுப்பது, வீட்டை அலங்கரிப்பது, கடைசியாக ஆவி, பேய், குறி சார்ந்த விளையாட்டுகள். உங்கள் மாமியார் கடைசியதை நினைத்துப் பேசுகிறார், கணவர் இரண்டாவதை நினைத்து. இருவர் சொல்வதும் அதனதன் இடத்தில் சரி.

கடைசியதில் யோசிக்க ஒன்றுமில்லை. குறிகேட்பதையும் செத்தவர்களிடம் பேச முயல்வதையும் உபாகமம் 18 வெளிப்படையாக விலக்குகிறது. ஆவியிடம் பேசுவதாகச் சொல்லும் வீஜா பலகை, குறிபார்க்கும் டாரட் சீட்டு, ஆவியைக் கூப்பிடும் விளையாட்டு எதுவும் வேடிக்கைக்காகக்கூட வேண்டாம். மகள் இன்னும் இரண்டு மூன்று வருடத்தில் தோழி வீட்டில் இரவு தங்கப் போவாள். அங்கேதான் இவை வரும். அதற்கு முன்பே சொல்லிவையுங்கள். ரத்தம் சொட்டும் பொம்மைகள் வைத்த பேய்வீடுகளும் ஐந்து வயதுப் பையனுக்கு வேண்டாம். பார்த்தது பொய் என்று அந்த வயதுக்குப் பகலில் புரியும், ராத்திரியில் புரியாது.

வரலாற்றை வைத்து வாதம் செய்யாதீர்கள். இரண்டு தரப்பும் அரைகுறையாகத்தான் சொல்கின்றன. ‘சாத்தானின் பிறந்தநாள்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதற்கு ஆதாரம் கிடையாது. அயர்லாந்தில் குளிர்காலத் தொடக்கத்தில் சவ்வன் என்றொரு விழா இருந்தது உண்மை. ஆனால் நமக்குக் கிடைப்பவை பெரும்பாலும் கிறிஸ்தவம் வந்தபிறகு எழுதப்பட்ட குறிப்புகள். அந்த இரவில் என்னென்ன சடங்கு நடந்தது என்று அடித்துச் சொல்ல அவை போதாது. மறுபக்கம், நவம்பர் 1 அனைத்துப் புனிதர்கள் திருநாள், 2 கல்லறைத் திருநாள். ஆகவே முந்தைய மாலை முழுக்க நம்முடையது என்பதும் இன்றைய வழக்கத்தை விளக்காது. 1840களின் பஞ்சத்தில் கப்பலேறிய அயர்லாந்துக்காரர்கள் பழைய வழக்கங்களை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார்கள். விளக்கு வைக்கக் குடைந்த டர்னிப் கிழங்கின் இடத்தில் பூசணி வந்தது. வீடு வீடாக மிட்டாய் கேட்பது நாடெங்கும் வேரூன்றியது, 1947இல் போர்க்காலச் சர்க்கரைப் பங்கீடு நீங்கிய பிறகுதான்.

எனக்கு வழிகாட்டுவது பவுலின் இரண்டு பகுதிகள். 1 கொரிந்தியர் 10இல், கடையில் விற்கிற இறைச்சியை விசாரிக்காமல் சாப்பிடு என்கிறார். உடனே, ஒருவன் “இது விக்கிரகத்துக்குப் படைக்கப்பட்டது” என்று சொன்னால் அவனுக்காகச் சாப்பிடாதே என்கிறார். ரோமர் 14இல், சாப்பிடுகிறவன் சாப்பிடாதவனை அற்பமாக எண்ணக்கூடாது, சாப்பிடாதவன் சாப்பிடுகிறவனைக் குற்றவாளியாகத் தீர்க்கக்கூடாது. சந்தேகத்தோடு சாப்பிடுகிறவன் தன்னையே குற்றப்படுத்திக்கொள்கிறான். இதை உங்கள் வீட்டுக்குப் பொருத்தினால்: கணவன் மனைவி இருவரில் யாருக்கு ஒரு காரியத்தில் மனம் உறுத்துகிறதோ, அந்தக் காரியத்தை இந்த வருடம் விட்டுவிடுங்கள். உறுத்தாத மற்றதைச் செய்யுங்கள்.

செப்டம்பர் கடைசியில், பிள்ளைகள் தூங்கியபின் இருவரும் உட்கார்ந்து அந்த ஐந்தையும் தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே செய்வோம், செய்யமாட்டோம், மாற்றிச் செய்வோம் என்று குறியுங்கள். கடைகளில் உடைகள் தொங்குவதைப் பிள்ளைகள் பார்த்தபிறகு பேசினால் அது பேரம்பேசலாகிவிடும். அக்டோபர் முதல் வாரத்தில் வகுப்பாசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்பி மூன்றைக் கேளுங்கள்: ஊர்வலம் என்றைக்கு, வேடம் கட்டாயமா, கலந்துகொள்ளாத பிள்ளைக்கு அந்த நேரத்தில் என்ன வேலை. முன்கூட்டிக் கேட்டால் பெரும்பாலும் வழி செய்து கொடுப்பார்கள். அன்று காலையில் திடீரென லீவு போடுவதுதான் தவறாகப் போகும். தான் ஏதோ தப்பு செய்ததற்குத் தண்டனை என்று பிள்ளை எடுத்துக்கொள்ளும். “உன் தோழிகள் பிசாசைக் கும்பிடுகிறார்கள்” என்று மகளிடம் சொல்லவும் வேண்டாம். அது உண்மையில்லை, அவளும் அதை அப்படியே வகுப்பில் போய்ச் சொல்வாள். “எங்கள் வீட்டில் பயமுறுத்தும் வேடம் போடுவதில்லை” என்று சொல்லக் கற்றுக்கொடுங்கள்.

எலும்புக்கூடு உடையில் பாவம் இருப்பதாக நான் நினைக்கவில்லை. எசேக்கியேல் 37இல் ஒரு பள்ளத்தாக்கு நிறைய எலும்புகள் உண்டு. ஏன் அது வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். நண்பன் போடுகிறான் என்பதுதான் காரணமென்றால் சிங்கமோ விண்வெளி வீரரோ போதும். மாமியார் மனம் நோகும் என்று தெரிந்தும் எலும்புக்கூட்டுக்காக நிற்பதில் பொருளில்லை. தாவீது, மோசே என்று கட்டாயப்படுத்தவும் வேண்டாம். அப்படியே போட்டாலும் அங்கி கணுக்காலுக்கு மேலே நிற்கட்டும். தரையில் இழுபட்டால் படியில் தடுக்கும்.

வெளியே போவதென்றால் 5:30க்குக் கிளம்பி 7:30க்குத் திரும்புங்கள். உங்கள் பகுதியில் அன்று ஆறு மணிக்குச் சற்று முன்பே சூரியன் மறைந்துவிடும். முகமூடி பக்கவாட்டுப் பார்வையை மறைக்கும், முகச்சாயம் மேல். ஒளி பிரதிபலிக்கும் பட்டையை முதுகிலும் மார்பிலும் பையிலும் ஒட்டுங்கள், ஏனென்றால் அன்றைய உண்மையான ஆபத்து கார்தான். அந்நியர் மிட்டாயில் விஷம் வைப்பார்கள் என்ற பயம் ஏறக்குறைய ஆதாரமற்றது. 1974இல் டெக்சாஸில் ஒரு சிறுவன் சயனைடால் இறந்தான். வைத்தவர் அவனுடைய சொந்தத் தகப்பன். உறை பிரிந்ததை எறிந்துவிட்டு, ஒவ்வாமை இருந்தால் உறையில் உள்ளதைப் படியுங்கள்.

வாசல் விளக்கு எரிந்தால் வரலாம், அணைந்திருந்தால் வேண்டாம் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். அணைத்தால் யாரும் தவறாக எண்ணமாட்டார்கள். கொடுப்பதென்றால் தலைக்கு இரண்டு மிட்டாய் போதும். மிட்டாய் இல்லாமல் சுவிசேஷத் துண்டுப்பிரதி மட்டும் கொடுக்காதீர்கள், பிள்ளைக்கு அது ஏமாற்றம். சபை வளாகத்தில் கார் டிக்கியைத் திறந்து மிட்டாய் கொடுக்கும் ‘ட்ரங்க் ஆர் ட்ரீட்’ நல்ல மாற்று, பாதுகாப்பானதும்கூட. ஆனால் அதிலும் வேடமும் மிட்டாயும்தான். “இது வேறு, அது பாவம்” என்று சொன்னால் ஒன்பது வயது மகள் அந்த முரணைக் கண்டுபிடித்துவிடுவாள்.

மாமியாரிடம் பேச வேண்டியவர் உங்கள் கணவர், நீங்கள் அல்ல. செய்யப்போவதைச் சொல்வதற்கு முன்னால், செய்யமாட்டோம் என்று தாளில் எழுதியதை அவர் அம்மாவுக்குப் படித்துக் காட்டட்டும். “பாட்டியிடம் சொல்லாதே” என்று பிள்ளைகளிடம் எதையும் மறைக்கச் சொல்லாதீர்கள். மறைக்க வேண்டிய ஒன்று அந்தத் தாளில் இருக்குமானால், அதை இந்த வருடம் அடித்துவிடுங்கள்.

அன்புடன்