ஐஸ்பெட்டியில் இரண்டு வாத்துகள்: படகு திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: பழவேற்காடு ஏரியில் இரவு விரித்த வலையில் இரண்டு ஊசிவால் வாத்துகள் சிக்கி இறந்துவிட்டன. வீணாக வேண்டாம் என்று ஐஸ்பெட்டியில் வைத்தேன். காலையில் வனத்துறையினர் படகையும் இன்ஜினையும் பறிமுதல் செய்தனர். மூன்று தலைமுறையாக இங்கே தொழில் செய்கிறோம். ஏரியில் யார் எந்த இடத்தில் எப்போது வலை விரிப்பது என்று முறை பிரிக்கும் 'பாடு' வழக்கத்தில் எழுந்த தகராறில் பகைத்த பக்கத்து ஊரார்தான் காட்டிக்கொடுத்தனர். வாக்குமூலத்தில் கையெழுத்திட்டுப் பணம் கட்டினால் படகு கிடைக்கும் என்கிறார் வனச்சரகர்.

பதில்: யார் காட்டிக்கொடுத்தார் என்பது வழக்குக்கு வேண்டாத செய்தி. தலைமுறை உரிமை மீனுக்குப் பேசும், வாத்துக்குப் பேசாது. வாத்து தானாகச் சிக்கியதா, நீங்கள் பிடித்தீர்களா என்பது ஒன்றே கேள்வி.

தற்செயலாகச் சிக்கியது வேட்டையாகாது என்று வாதாடலாம். ஆனால் தவறுதலாக இறந்த பறவையும் அரசுக்கே சொந்தம், 48 மணி நேரத்துக்குள் தகவல் தந்து ஒப்படைக்க வேண்டும் என்கிறது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். அந்தக் கெடு முடியுமுன் பிடிபட்டது உங்களுக்குச் சாதகம், ஐஸ்பெட்டி பாதகம்.

உண்மையான ஆபத்து அந்த வாக்குமூலம்தான். போலீசாரிடம் தந்த ஒப்புதல் செல்லாது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். வனத்துறையினர் போலீசார் அல்லர், அந்தப் பாதுகாப்பு இங்கே கிடையாது. என்னிடம் வந்தவர்களில் சிலர், 'சமைப்பதற்காகப் பிடித்தேன்' என்று எழுதியிருந்த தாளில் படிக்காமலேயே கையெழுத்திட்டுவிட்டுப் படகுக்காகக் காத்திருந்தவர்கள். பழவேற்காடு ஏரி பறவைகள் சரணாலயமும்கூட; சரணாலயத்துக்குள் வேட்டை என்றால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். குறைந்தபட்சத் தண்டனை உள்ள குற்றத்தை, இணக்கக் கட்டணம் (வழக்கை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகாமல் முடிக்கக் கட்டும் பணம்) வாங்கி முடிக்க எந்த அதிகாரிக்கும் அதிகாரமில்லை. ஆகவே, வனச்சரகர் சொல்லும் பணம் எந்தப் பிரிவுக்கு என்பதை எழுத்தில் கேளுங்கள்.

அனுமதியின்றி நுழைந்தது போன்ற சிறு பிரிவு மட்டுமே என்றால், ஊர்ப்பகையைத் தீர்க்க வழக்கு நடத்த நினைக்காமல் கட்டிவிட்டு வெளியே வாருங்கள். சட்டம் 5 லட்சம் வரை வாங்க இடம் தருவதால் தொகையைக் குறைக்கக் கேளுங்கள். படகையும் இன்ஜினையும் ஒப்படைப்பதாக ஆணையில் எழுதவைக்காமல் கட்டாதீர்கள். இணக்கம் முடிந்தபின், பணம் கட்டியதையே காரணம் காட்டி உடைமையை அரசுடைமையாக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் கூறியிருக்கிறது. ஆனாலும் எழுத்தில் இல்லாததற்காக நடையாய் நடந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வேட்டைப் பிரிவு சேர்க்கப்பட்டிருந்தால் எதிலும் கையெழுத்திடாமல் முதலில் ஜாமீனைப் பாருங்கள். விசாரணை முடியும்வரை படகை இடைக்காலமாகக் கேட்டு மாஜிஸ்திரேட்டிடம் மனுச் செய்யலாம். அதை விடுவிக்க அவருக்கு அதிகாரம் உண்டு என்பது 2008இலேயே தீர்ந்த விஷயம். மனுவைத் தள்ளிப்போடாதீர்கள், வெயிலில் கிடக்கும் இன்ஜின் தீர்ப்புவரை தாங்காது.