கடலூரில் இருந்துகொண்டு பாண்டிச்சேரியில் ரூம் போடுவது வீண் செலவா?

கேள்வி: நாங்கள் கடலூரில் இருக்கிறோம். கல்யாண நாளுக்கு மனைவியைப் பாண்டிச்சேரி பழைய ஊருக்குள் இருக்கும் ஹெரிடேஜ் ஹோட்டல் ஒன்றுக்குக் கூட்டிப் போய் ஒரு ராத்திரி தங்கலாம் என்று ஆசை. இவ்வளவு பக்கத்தில் இருக்கும் ஊரில் அவ்வளவு பணம் கொடுத்துத் தங்க வேண்டுமா? தங்குவதென்றால் கடலோரப் பிரெஞ்சுப் பகுதியான ஒயிட் டவுனிலா, அதைத் தமிழ்ப் பகுதியிலிருந்து பிரிக்கிற வாய்க்காலுக்கு இந்தப் பக்கமா?

பதில்:

தாராளமாகப் போய்த் தங்குங்கள். நானும் கடலூர்தான், மஞ்சக்குப்பத்துக்காரி, எங்கள் வீட்டிலும் இதே பேச்சு வந்தது. "பஸ் ஏறினா ஒரு மணி நேரத்துல வீட்டுக்கு வந்துடலாம், அங்க எதுக்கு ரூமு" என்று மாமியார் கேட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை, ரெட்டிச்சாவடி, கன்னியக்கோவில், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று போகிற அந்த ரோடு நமக்கெல்லாம் மனப்பாடம், ஜவுளி எடுக்கவும் ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும் போய் வந்துகொண்டேதான் இருக்கிறோம். ஆனால் அப்படிப் போகும்போது நாம் பார்ப்பதெல்லாம் காலை பத்து மணிக்கு மேல் இருக்கிற பாண்டிச்சேரி. வெயில், ஹாரன், நேரு வீதி நெரிசல், கையில் பை, கடைசியில் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். அந்த ஊரின் பழைய பகுதி அழகாக இருப்பது ராத்திரி ஒன்பதரைக்கு மேலும், விடியற்காலை ஐந்தரையிலிருந்து எட்டு மணி வரைக்கும். அந்த இரண்டு நேரமும் அங்கே படுத்து எழுந்திருப்பவர்களுக்குத்தான் கிடைக்கும்.

பீச் ரோட்டில் சாயங்காலம் ஆனதும் வண்டிகளை நிறுத்திவிட்டு மறுநாள் காலையில்தான் திரும்ப விடுவார்கள், அது உங்களுக்கே தெரிந்திருக்கும். ஆனால் சாயங்காலம் ஏழு மணிக்கு அங்கே கை கோத்து நடக்கவெல்லாம் முடியாது, அவ்வளவு கூட்டம். காலை ஐந்தே முக்காலுக்குக் காந்தி சிலையிலிருந்து துய்மா வீதியில் இருக்கிற கப்ஸ் கோயில் என்கிற மாதா சர்ச் வரைக்கும் போய், அங்கிருந்து ரோமன் ரோலண்ட் வீதி வழியாகத் திரும்பி வந்து பாருங்கள். வாக்கிங் வருகிற பெரியவர்களும் பால் வண்டியும் தவிர யாரும் இருக்க மாட்டார்கள். என் வீட்டுக்காரர் பொதுவாகத் தெருவில் என் கையைப் பிடிக்கிற ஆளே இல்லை, அன்றைக்கு அவராகப் பிடித்தார்.

சரி, எந்தப் பக்கம் தங்குவது? என் பதில், வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், தமிழ்த் தெருக்களில், முற்றம் வைத்த வீட்டில். காரணம் இருக்கிறது. ஒயிட் டவுன் வீடுகள் தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பவை. உயர்ந்த மதில், பெரிய கேட், மேலே தொங்கும் காகிதப்பூ, தோட்டமும் வீடும் உள்ளே. அங்கே அழகு தெருவில்தான் இருக்கிறது, தெருவில் நடக்க யாரும் காசு கேட்பதில்லை. தமிழ்ப் பகுதி வீடு அப்படியே தலைகீழ். வெளியே தெருவைப் பார்த்துத் திண்ணை, வருகிறவன் போகிறவன் உட்கார ஒரு தாழ்வாரம், அதைத் தாண்டினால்தான் முற்றம், தூண்கள், ஊஞ்சல், மாடிப்படி. அந்த உள்பக்கத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அந்த வீட்டுக்காரருக்கு நீங்கள் சொந்தமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அங்கே தங்க வேண்டும். அதனால் தங்குவது இந்தப் பக்கம், நடப்பது அந்தப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருமாள் கோயில் தெருவிலிருந்து கடற்கரைக்குக் கால் மணி நேர நடைதான்.

அந்தத் தெருவில் இருக்கிற மேசன் பெருமாள் ஓர் உதாரணம், முற்றத்தைச் சுற்றி அறைகள் அமைந்த பழைய வீடு, இப்போது ஹோட்டல். அதே தெருவில்தான் பாரதிதாசன் வாழ்ந்த வீடும் இருக்கிறது, அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். 1908 முதல் 1918 வரை பாரதியார் பாண்டிச்சேரியில் இருந்த காலத்தில் குடியிருந்த ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெரு வீட்டுக்கும் நடந்தே போய்விடலாம். வைசியாள் வீதிக்குக் கட்டாயம் போங்கள். அங்கே வரிசையாக நிற்கிற வீடுகளின் முகப்பை, பழைய கட்டடங்களைப் பாதுகாக்கிற இன்டாக் அமைப்பும் நகராட்சியும் சேர்ந்து ஐரோப்பிய யூனியன் உதவியோடு சரிசெய்தார்கள், இரண்டாயிரத்துக்குப் பிறகு நடந்த வேலை அது. கீழ்த்தளம் நம்ம ஊர் மரத்தூணும் திண்ணையுமாக, மேல்தளம் வளைவு ஜன்னலும் பிரெஞ்சுக் கைப்பிடியுமாக ஒரே வீட்டில் இரண்டையும் பார்க்கலாம். பிரெஞ்சுக்காரர் காலத்தில் நாட்குறிப்பு எழுதிய ஆனந்த ரங்கப் பிள்ளையின் மாளிகையிலும் இதே அமைப்புதான்.

நாம் கடலூர்க்காரர்கள் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். நம்ம தேவனாம்பட்டினம் செயின்ட் டேவிட் கோட்டையை 1758இல் பிரெஞ்சுத் தளபதி லல்லி பிடித்து இடித்துப்போட்டார். 1761இல் ஆங்கிலேயர்கள் பாண்டிச்சேரியைப் பிடித்து அந்த ஊரையே தரைமட்டமாக்கினார்கள். அப்புறம் 1765க்குப் பிறகு பழைய தெருக் கோடுகளின் மேலேயே திரும்பக் கட்டியதுதான் இப்போது நாம் பார்க்கிற பழைய ஊர். அங்கே ஊர் திரும்ப எழுந்துவிட்டது, நம்ம பக்கம் கோட்டை இடிபாடாகவே நின்றுபோனது. ஏதாவது ஒரு வீட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருக்கும்போது இதை உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள், நான் சொன்னபோது என் வீட்டுக்காரர் மறுநாள் கடலூர் வந்ததும் கோட்டைப் பக்கம் வண்டியைத் திருப்பினார்.

ரூமுக்குள் போனதும் நிமிர்ந்து மேலே பாருங்கள். நான் கட்டிலில் படுத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தது அந்த மேற்கூரையைத்தான். கையகலத் தேக்கு உத்திரங்கள் வரிசையாக ஓடும், அவற்றுக்கு மேலே பிஸ்கட் மாதிரி மெல்லிய செங்கற்களைக் குத்தாக நிறுத்தி, சாய்வு சாய்வாக அடுக்கி, சுண்ணாம்பில் கட்டியிருப்பார்கள். மெட்ராஸ் டெரஸ் என்பது இதுதான். சுவர் சுண்ணாம்புச் சாந்து, அந்தக் காலத்தில் கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரில் குழைத்தது. வெளியே எரிக்கிற மத்தியானத்தில் அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்தால் ஜில்லென்று இருக்கும். ஜன்னலுக்கு மரச்சட்டக் கதவு, பலகைகளைச் சாய்த்து வைத்தால் காற்று வரும், வெளியிலிருந்து யாரும் பார்க்க முடியாது. சில அறைகளில் சுவரின் அடியில் வெள்ளையாக உப்புப் பூத்து லேசாக உதிரும். அதைப் பார்த்துவிட்டு "பராமரிப்பே இல்லை" என்று ரிவ்யூவில் திட்டி எழுதுகிறார்கள், படிக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். கடற்காற்று அடிக்கிற ஊரில் சுண்ணாம்புச் சுவர் அப்படித்தான் இருக்கும், ஈரத்தை இழுத்து வெளியே விடுவதுதான் அதன் வேலை, மேலே சிமெண்டைப் பூசி மறைத்தால்தான் சுவர் உள்ளுக்குள் கெட்டுப்போகும். இந்தக் கட்டடங்களைத் தொடர்ந்து பார்த்துக்கொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2014 நவம்பர் மழையில் பீச் ரோட்டில் இருந்த மேரி என்கிற பழைய நகராட்சிக் கட்டடம் இடிந்து விழுந்தபோது பார்த்தோம். அரசாங்கக் கட்டடம் என்பதால் அதே மாதிரி திரும்பக் கட்டினார்கள். தனியார் வீடு விழுந்தால் அந்த இடத்தில் அடுக்குமாடிதான் வரும். முற்றம் வைத்த வீடு ஹோட்டலாக மாறியாவது நிற்கிறதே என்று எனக்கு நிஜமாகவே சந்தோஷம், நாம் கொடுக்கிற வாடகையில் ஒரு பங்கு அந்தச் சுண்ணாம்புக்கும் உத்திரத்துக்கும் போகிறது.

நாங்கள் தங்கிய அன்று மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. சில ஹோட்டல்களில் முற்றத்தைக் கண்ணாடி போட்டு மூடிவிட்டார்கள், நாங்கள் இருந்த வீட்டில் திறந்தேதான் இருந்தது. நாலு பக்கத்து ஓட்டிலிருந்தும் தண்ணீர் சரம் சரமாக உள்ளே இறங்க, தாழ்வாரத்தில் இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டோம். எங்கேயும் போக முடியாது, செய்ய வேலையும் இல்லை. எங்கள் வீட்டில் மாமியார், மாமனார், கொழுந்தனார் குடும்பம், பிள்ளைகள் என்று எப்போதும் ஆள் இருப்பார்கள், எனக்கு அது பிடிக்கும், ஆனால் இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்து பேச அதில் இடமே கிடையாது. அன்றைக்கு இவர் நான் காலேஜ் படித்த காலத்தைப் பற்றிக் கேட்டார், நான் பாதியில் விட்ட பாட்டு கிளாஸைப் பற்றிக் கேட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் கேட்காத கேள்விகள். கூட்டுக் குடும்பத்தில் இருக்கிறவர்களுக்கு இந்தச் செலவு தேவையா என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

இனி காரியத்துக்கு வருகிறேன். வெள்ளி, சனி, ஞாயிறு வேண்டாம். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் மொத்தமாக இறங்குவார்கள், வாடகையும் ஏறிவிடும், ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதியில் சண்டே மார்க்கெட் வேறு. செவ்வாய், புதன் அருமையான நாட்கள். ஒயிட் டவுனில் ஓர் இடத்தில் நாங்கள் சனிக்கிழமை தங்கி, அறைக்கு நேர் கீழேயே அவர்களுடைய ரெஸ்டாரன்ட், நடுராத்திரி வரைக்கும் பாட்டும் சிரிப்புமாக ஓடி, தூங்கவே முடியவில்லை. அதனால் புக் பண்ணும்போது ஆன்லைனில் மட்டும் பார்த்து முடிக்காமல் போன் போட்டுக் கேளுங்கள். ரெஸ்டாரன்ட் எந்தப் பக்கம், அறை முற்றத்தைப் பார்த்ததா தெருவைப் பார்த்ததா, மாடியா கீழேயா என்று. மாடி அறை என் விருப்பம், கீழ் அறை என்றால் ஜன்னல் தாழ்வாரத்தில் திறக்கும், ஆள் நடமாட்டம் இருந்துகொண்டே இருக்கும். இந்த வீடுகளில் ஒரு மூலையில் பேசினால் மறு மூலையில் கேட்கும், முற்றம் சத்தத்தைத் தூக்கிக் கொடுக்கும், நீங்கள் பேசுவதும் அப்படித்தான் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் லிப்ட் இருக்காது, படி செங்குத்தாக இருக்கும். ஒரு அறை மாதிரி இன்னொரு அறை இருக்காது, ஆகவே எந்த அறை என்று போட்டோ அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். கொசுவுக்கு ஏதாவது வைத்திருக்கிறார்களா என்பதையும் கேட்டுவிடுங்கள், முற்றமும் செடியும் இருக்கிற இடத்தில் சாயங்காலம் கடிக்கும்.

பணத்தில் ஒரு விஷயம். ஒரு நாள் வாடகை 7500 ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி 18 சதவீதம். 8000 ரூபாய் அறைக்கு வரி மட்டுமே 1440. ஆகவே 7500க்குள் கிடைக்கிற அறையாகப் பார்த்தால் மிச்சமாகிற காசில் இரண்டு பேரும் வெளியே நன்றாகச் சாப்பிடலாம். காரில் போகாதீர்கள், அந்தத் தெருக்களில் நிறுத்த இடம் தேடியே பாதி மனசு போய்விடும். பஸ்ஸில் போய் ஆட்டோ பிடித்தால் வேலை முடிந்தது. இரண்டு பேருடைய ஆதார் கார்டையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கல்யாண நாள் எந்த மாதம் என்று நீங்கள் சொல்லவில்லை. தை, மாசி என்றால் சீதோஷ்ணம் நன்றாக இருக்கும், சீக்கிரம் புக் பண்ண வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டும், முற்றம் வைத்த வீடு கிடைத்தால் நான் சந்தோஷமாக அப்போதே போவேன், புயல் அறிவிப்பு மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சித்திரை, வைகாசியில் வெளியே நடக்கவே முடியாது. நாள் சனிக்கிழமையில் விழுந்தால் அடுத்து வருகிற செவ்வாய்க்கிழமைக்குத் தள்ளிக்கொண்டு, ஏன் தள்ளினோம் என்பதை மனைவியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.