காட்டில் தீயை அணைக்காமல் போனால் ஏன் குற்றம்?

அமெரிக்கக் கூட்டரசின் குற்றவியல் சட்டத்தில் 1856ஆம் பிரிவு இதற்கென்றே இருக்கிறது. கூட்டரசுக்குச் சொந்தமான காட்டில் நீங்கள் மூட்டிய தீயை முழுக்க அணைக்காமல் கிளம்பினாலோ, ஆளில்லாமல் எரிய விட்டாலோ அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். தேசியக் காடுகளில் அணையாத சிகரெட் துண்டை அலட்சியமாக வீசவும் தடை.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? சுடர் அடங்கினாலும் தீ சாவதில்லை. ராத்திரி சமைத்த விறகடுப்பைக் காலையில் கிளறி ஊதினால் சாம்பலுக்கடியில் கங்கு சிவக்குமே, அதேதான். காட்டில் ஊதுகிற வேலையைக் காற்று பார்த்துக்கொள்ளும். மண்ணை மட்டும் போட்டு மூடினால் உள்ளே புகைந்துகொண்டே இருக்கும். தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, சூடு போய்விட்டதா என்று பார்க்க வேண்டும்.

வேண்டுமென்றே கொளுத்தினால்தான் வழக்கு என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கு 1855ஆம் பிரிவு தனியாக உண்டு. 1856க்குக் காடு பற்றி எரிந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை.